பச்சை டேப்காரர் கடன் கொடுத்த இழை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு ஹெட்செட்டும் ஓர் அடையாள அட்டையும் கொடுத்து, வாடிக்கையாளரை மட்டும் கையை விட்டுப் போக விடாதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் இந்தத் தொழிலில், திண்டிவனம் அலுவலகத்தில் உட்கார்ந்தே முடி நரைத்தவள் நான். நாங்கள் பிடித்து வைத்திருந்த வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் எங்களை விட்டுப் போய், திரும்பி வராமலே இருந்துவிட்ட ஒரு வீட்டைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். புகார் பிரிவு ஒன்று, அதற்கு மேல் மேல்முறையீட்டுப் பிரிவு ஒன்று என்று ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனியிடமும் கேட்டது. எங்கள் கம்பெனியின் லட்சணத்துக்கு இரண்டு நாற்காலியிலும் நானேதான் உட்கார்ந்தேன். காலையில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வாடிக்கையாளர், மாலையில் என்னைப் பற்றி என்னிடமே முறையிடலாம். நானும் நடுநிலையாக விசாரித்து என்னையே பலமுறை கண்டித்திருக்கிறேன். திருந்தியதாகச் சொல்ல முடியாது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தெருக்களில் எந்தக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாலும் நாலைந்து கம்பெனியின் கேபிள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு கலரில் டேப் சுற்றி வைப்போம். எங்களுடையது மஞ்சள். அதனால் வெளியில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டார்கள். மஞ்சள் டேப், நீல டேப், சிவப்பு டேப் என்றுதான் பேச்சு. ஆட்களுக்கும் அதுவே பெயராகிவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கூட "மஞ்சள் டேப் மேடம் இல்லீங்களா?" என்று கேட்டு வந்திருக்கிறார்.

போட்டி என்றால் சாதாரணப் போட்டி இல்லை. ஒரே தெருவில் காலையில் நாங்கள் நோட்டீஸ் ஒட்டினால் மத்தியானம் அதன் மேல் நீல டேப்காரர்கள் ஒட்டியிருப்பார்கள். ஆனால் இத்தனை அடிதடிக்கு நடுவிலும் எந்த ஆணையமும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று எங்களுக்குள் இருந்தது. ஒருவருடைய கேபிள் அறுந்து கிடக்கும் தெருவில், அது சரியாகும் வரை மற்றவர்கள் போய் இணைப்பு விற்கக் கூடாது. அறுந்தது பெரிய கேபிளாக இருந்தால் மற்றவர் கடன் கொடுக்க வேண்டும். கடன் என்றால் காசு இல்லை. கேபிளுக்குள் தலைமுடி போலப் பல கண்ணாடி இழைகள் இருக்கும். ஒன்றுக்குக் கோர் என்று பெயர். எல்லாக் கேபிளிலும் இரண்டு மூன்று கோர் சும்மா கிடக்கும். அதில் ஒன்றைக் கொடுத்து, "உன் சிக்னலை இதில் ஓட்டிக்கொள், உன்னுடையது சரியானதும் திருப்பிக் கொடு" என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பனமலை ஏரிப் பக்கம் மரம் விழுந்து எங்கள் கேபிள் நார் நாராகப் போனது. அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் இணைப்பு இல்லை. முந்தின வாரம்தான் நீல டேப்காரர்களோடு நான் வாய்ச்சண்டை போட்டிருந்தேன். அவர்களே சேற்றில் இறங்கி வந்து எங்களுக்கு ஒரு கோர் கொடுத்தார்கள். "சண்டை தனி, கட்டு தனி மேடம்" என்றார் அவர்களுடைய லைன்மேன். கட்டு என்றால் கேபிள் அறுந்து போவது. அவரை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பச்சை டேப் வந்தது. நாடு முழுக்க இருக்கிற பெரிய கம்பெனி. பெயர் வேண்டாம், எல்லாத் தொழிலிலும் அப்படி ஒருவர் வருவார். மோடம் பெட்டி இலவசம், மாட்டுவது இலவசம், முதல் சில மாதம் இலவசம். தெருமுனையில் குடை விரித்து, பலூன் கட்டி உட்கார்ந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கெடார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "உங்க லைன் நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா சும்மா குடுக்கறப்ப வாணாம்னு எப்டிம்மா சொல்றது?" என்று கேட்டார். பெட்டியை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தேன்.

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாக எழும்பிய ஒரு காலனியை மொத்தமாகவே பிடித்துவிட்டார்கள். காலனிச் சங்கத்துக்குக் கேமரா இலவசம், சங்க அறைக்கு இணைப்பு இலவசம். பதிலுக்கு காலனிக்குள் வேறு யாருடைய ஒயரும் வரக் கூடாது. எங்கள் கேபிளைக் கழற்றிச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். எங்கள் உரிமத்திலேயே ஒரு விதி உண்டு. எந்த இடத்தையும் யாரும் தனக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டுப் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் காகிதத்தில் இருக்கிற விதி கம்பத்தில் ஏறுவதற்கு நாளாகும் என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

அந்தக் காலனியில்தான் அருளும் ரெஜினாவும் இருந்தார்கள். கெடார் பக்கத்து ஊர்க்காரர்கள். வீட்டு முன்னறையில் தையல் கடை. ரெஜினா தைக்கிற ரவிக்கைக்குத் திண்டிவனத்தில் காத்துக் கிடப்பார்கள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. சைகையில்தான் பேச்சு. அருள் நன்றாகப் படிப்பார், எழுதுவார். ரெஜினாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரே மகள் ஜெனிட்டா. அவளுக்குக் காது கேட்கும், ஆனால் அம்மா அப்பாவோடு கையால் பேசித்தான் வளர்ந்தாள். நர்ஸ் படிப்பு முடித்து, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலையாகி, கல்யாணமாகி அங்கேயே இருந்தாள்.

கேபிளைக் கழற்றியதும் அருள் எங்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என்னைக் குறிக்க அந்தக் குடும்பத்தில் ஒரு சைகை உண்டு. இரண்டு புருவத்தையும் விரலால் நடுவில் சேர்த்து இடுக்கிக் காட்டுவார்கள். மகளும் அப்படித்தான் என்னைச் சொல்வாளாம். அன்றும் அதைச் செய்துவிட்டுச் சிரித்தார். நான் போனில் தட்டிக் காட்டினேன்: "அவங்க சின்ன பிளான்ல ஒரு அளவு வரைக்கும்தான் வேகம். அதைத் தாண்டினா நத்தை மாதிரி ஆகிடும். நீங்க நாள் முழுக்க வீடியோ ஓட்டறவங்க. கேட்டு வாங்குங்க." அவர் படித்துவிட்டு எழுதினார்: "விக்க வந்தவர் ரொம்ப வேகமா பேசினார். எனக்கு அவர் வாய் மட்டும்தான் தெரிஞ்சுது." அந்த அளவையும் அதற்குப் பிறகான வேகத்தையும் விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லியிருப்பார்தான். கேட்கிறவர் யார் என்று பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், இருவரும் சேர்ந்து வந்தார்கள். ரெஜினா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்துப் புருவத்தை இடுக்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அருள் போனை என் கையில் கொடுத்தார். நீளமாக எழுதி வைத்திருந்தார்.

ஜெனிட்டா நிறைமாதம். ரத்த அழுத்தம் ஏறியதால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணவன் வேலைக்குப் போய்விட்டால் அவளுக்குத் துணை அம்மாதான். தையல் மெஷின் பக்கத்தில் போனை நிற்க வைத்துவிட்டு, ரெஜினா தைத்துக்கொண்டே இருப்பாள். மகள் கூப்பிட்டால் கையை எடுத்துப் பேசுவாள். இப்படி நாள் முழுக்க ஓடியதில் பிளானின் அளவு தீர்ந்து போய், வேகம் விழுந்துவிட்டது. படம் உறைந்து உறைந்து நிற்கிறது. நமக்குப் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். கையால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது. அந்த வீட்டுக்குள் மொபைல் சிக்னலும் சரியாக வராது. இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர்கள் நேற்று சொல்லிவிட்டார்கள், நாளைக் காலையிலேயே அறுவை சிகிச்சை. அங்கே காலை என்றால் நமக்கு மத்தியானம் தாண்டி. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். உள்ளே கொண்டுபோகும் முன் அம்மாவின் கையைப் பார்க்க வேண்டும், பாதியில் நிற்காமல்.

"புகார் கொடுக்கலியா?" என்று தட்டினேன். அருள் தன் போனில் பச்சை டேப் செயலியைத் திறந்து காட்டினார். ஒன்றல்ல, பல புகார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே முடிவு. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தோம், பதில் இல்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது. பிளானை மாற்றக் கேட்டதற்கும் அதே கதை. போனில் கூப்பிட்டுக் குரலில் சம்மதம் வாங்கினால்தான் மாற்றுவார்களாம்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதைச் செய்தது கெட்டவர்கள் இல்லை. எங்கோ ஓர் ஊரில் உங்களைப் போல ஒரு பிள்ளை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மணி அடித்துப் பார்த்து, எடுக்கவில்லை என்றதும் அடுத்த நம்பருக்குப் போயிருக்கிறது. நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மூன்று முறை எடுக்காவிட்டால் மூடு என்று பழக்கியிருக்கிறோம். எடுக்கவே முடியாதவர் ஒருவர் மறுமுனையில் இருப்பார் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றால், எங்களிடம் தெருவைப் பார்த்த ஒரு கதவு இருந்தது. அவர்கள் நடந்து வந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள் என்று சொன்னேன். ரெஜினா அருளின் கையைத் தட்டிவிட்டு எனக்கு நேராகவே பதில் சொன்னாள். வயிற்றைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், பிறகு எங்கள் கண்ணாடிக் கதவையும் வரிசையில் நிற்கிறவர்களையும் சுற்றிக் காட்டிக் கையை விரித்தாள். பிள்ளை பெறப் போகிற மகளோடு கடைவீதியில் நின்றா பேசுவது? எழுதிக் காட்டாமலே புரிந்தது.

எங்கள் முதலாளி அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். கேபிள் டிவி காலத்திலிருந்து கம்பம் ஏறி வளர்ந்தவர். காலனி கைவிட்டுப் போனதிலிருந்து சாப்பாடு இறங்காமல் இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"யக்கா, லட்டு மாதிரி வந்து வுழுந்துக்குது. ரெண்டு பேரையும் நிக்க வெச்சி ஒரு வீடியோ எடுத்துப் போடலாம். காது கேக்காதவங்கள போன்ல கூப்ட்டு புகார மூடிட்டானுங்கன்னு. ஊரே காறித் துப்பும். ஆணையத்துக்கும் அனுப்பிடுங்க. காலனி தானா தொறந்துக்கும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல். எல்லாம் நடந்ததுதான். எங்களுக்கும் நியாயம் இருந்தது. பச்சை டேப் எங்கள் ஆட்களில் பலரின் வேலைக்கே உலை வைத்திருந்தது. எனக்கும் கை துறுதுறுத்தது என்று ஒப்புக்கொள்கிறேன். என் போனைக்கூட எடுத்துவிட்டேன்.

முதலாளி சொன்னதை அருளுக்குத் தட்டிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். ரெஜினாவுக்குச் சைகையில் சொன்னார். அவள் ஏதோ கேட்டாள். அதை அருள் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்: "இதைப் போட்டா எங்களுக்கு லைன் எப்ப வரும்?"

இந்தத் தொழிலில் எத்தனையோ பெரிய அதிகாரிகளின் கேள்விகளுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. வீடியோ ஓடும், பேச்சு கிளம்பும், பச்சை டேப்காரர்கள் வருத்தம் தெரிவிப்பார்கள், காலனிகூடத் திறக்கலாம். நாளை மத்தியானத்துக்குள் ரெஜினாவின் கை அவள் மகளுக்குத் தெரியுமா என்றால் தெரியாது. அவசரமான நேரத்தில் எது சரி என்று குழம்பும்போது, எதிரே நிற்கிறவருக்கு எது எப்போது வேண்டும் என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பதை எனக்கு அந்த ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்தது. போனை வைத்துவிட்டேன். முதலாளியும் தலையைச் சொறிந்துகொண்டு, "செய்ங்கக்கா, உங்களுக்கு இன்னா தோணுதோ அத செய்ங்க" என்றார். அந்த மனிதருக்கும் என் நன்றியில் பங்குண்டு.

நான் பச்சை டேப்பின் திண்டிவனம் பொறியாளரைக் கூப்பிட்டேன். வல்லம் பக்கத்துக்காரர். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். கம்பத்தடியில் நாங்கள் போட்ட சண்டைகளை அந்தத் தெருக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"இன்னாக்கா, சண்டைக்கா சமாதானத்துக்கா?" என்றார் எடுத்தவுடன்.

"ரெண்டும் இல்லப்பா. ஒரு வீட்டுல கட்டு."

"எங்க? என் ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலியே."

"காட்டாது. மூடிட்டீங்க."

சொன்னேன். "காலனி வாசல்ல நில்லுங்க, வந்துக்கினே இருக்கேன்" என்று வைத்துவிட்டார். நாங்கள் மூவரும் அங்கே போய் நின்றோம். அவர் வெயிலில் வந்து இறங்கியதும் முதலில் அருளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு தன் மேலிடத்துக்கு அழைத்துப் பேசினார். பிளானை மாற்றலாம், ஆனால் குரலில் சம்மதம் வேண்டும், அதற்கு விலக்கு வாங்க நாலைந்து நாளாகும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, வெளி ரோட்டுல உங்க கேபிள் பிரிக்கற பெட்டி இருக்குதில்ல?"

"இருக்கு."

"எங்க கேபிள் அது பக்கத்துலதான் உள்ள போவுது. அவங்க வூட்டு கம்பம் வரைக்கும் ரெண்டு கோர் சும்மா கெடக்குது. ஒண்ணு எடுத்துக்குங்க. உங்க சிக்னல அதுல வுடுங்க."

சிறிய கம்பெனிகள் நாங்கள் எங்களுக்குள் கொடுத்துக்கொள்கிற கடன் அது. பூட்டி வைத்த காலனிக்குள், தன் கம்பெனியின் கேபிளிலேயே, போட்டிக் கம்பெனியின் சிக்னலை ஓட விடுகிறேன் என்கிறார். தெரிந்தால் வேலையே போகலாம். "மேலிடத்துல கேட்டுட்டுச் செய்யுப்பா" என்றேன்.

"கேட்டா வாணாம்னுவாங்க. கேக்காம செஞ்சா ஏன் செஞ்சேன்னுதான் கேப்பாங்க. ஏன்னு கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட பதில் இருக்குதுக்கா. வாணாம்னு சொல்லிட்டா அதுக்கப்பறம் எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அதற்குள், நான் வரச் சொல்லியிருந்த எங்கள் லைன்மேன்களை வாசலில் பார்த்த காவலாளி சங்கச் செயலாளரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிறவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், காலனியைத் தன் வீடு போல வைத்திருப்பார். "மறுபடியும் ஒயர தூக்கிக்கினு வந்துட்டீங்களா மேடம்? இப்பத்தான் நிமுந்து பாத்தா வானம் தெரியுது. இதே பேஜாரா போச்சு உங்களோட" என்றார். எனக்கு உரிம விதி நாக்கு நுனியில் நின்றது. தனி ஒப்பந்தம் செல்லாது, நோட்டீஸ் விடுவேன் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பொறியாளர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அக்கா, அது இருக்கட்டும். அப்பறம் போடுங்க சண்டைய" என்றார். பிறகு செயலாளரிடம் போனார்.

"புதுசா ஒயரு ஒண்ணும் வரலீங்க. இருக்கிற எங்க கேபிள்ளயே தான்."

"அப்ப இன்னாதான் உள்ள வருது?"

"வெளிச்சம் மட்டுந்தாங்க. கண்ணாடிக்குள்ள போற வெளிச்சம். வெளிய தெரியாது."

செயலாளருக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவர் எங்களைத் தாண்டி ரெஜினாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று மகளோடு பேச முயன்றுகொண்டிருந்தாள். போனில் மகளின் படம் நின்றுவிட்டது. ரெஜினாவின் கை பாதி வாக்கியத்தில் அப்படியே அந்தரத்தில் நின்றது. படம் நகரும் வரைக்கும் கையை இறக்காமலே இருந்தாள். செயலாளர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "அந்தம்மாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எம் மருமவ ரவிக்கையெல்லாம் அதான் தெக்கிது. ஜல்தியா செய்ங்கப்பா" என்று காவலாளியை விலகச் சொன்னார்.

அன்று மாலைக்குள் இரண்டு கலர் ஆட்களும் ஒரே ஏணியில் நின்று வேலையை முடித்தார்கள். பச்சை டேப் கேபிளின் ஒரு கோரில் எங்கள் சிக்னல் போனது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் கேட்காமல் இருக்க. பொறியாளரிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். வைத்திருந்த பதிலைச் சொன்னார். வாடிக்கையாளரின் இணைப்பு கட்டு, வழக்கப்படி கோர் கொடுத்தோம், இதோ மூடிய புகார்கள். கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு அந்தக் கம்பெனியே, போன் எடுக்காதவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் புகாரை மூட வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. நாங்களும் அதைப் பார்த்து அப்படியே மாற்றினோம். காலனிப் பூட்டைப் பற்றி நான் முறைப்படி எழுதினேன், மாதக்கணக்கில் இழுத்தது, ஒருநாள் திறந்தது. அருள் வீட்டுப் பிளானைப் பொறியாளர் விலக்கு வாங்கி மாற்றிக் கொடுத்தார். கோரை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். எங்களிடம் திரும்பி வருகிறீர்களா என்று அருளைக் கேட்டதற்கு, "அவங்க லைனும் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள் சண்டையும் போடறதில்ல" என்று எழுதிக் காட்டிப் புருவத்தை இடுக்கினார். எங்கள் கணக்கில் அந்த வீடு இன்றுவரை இழந்த வாடிக்கையாளர்தான்.

ஆனால் மறுநாள் மத்தியானத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. லைன் நடுவில் விழுந்துவிட்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று நானும் பொறியாளரும் அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஜெனிட்டாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வரை அம்மாவும் மகளும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. கை ஒருமுறைகூட நிற்கவில்லை, அது போதும். போனை வைத்ததும் ரெஜினா மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் கையைத் தைக்க ஆரம்பித்தாள். தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். அருள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். பொறியாளர் தன் கம்பெனி போன் அடித்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தார்.

மருமகன் கூப்பிட்டான். ஜெனிட்டா படுத்திருந்தாள். ஒரு கையில் ஊசி குத்திக் கட்டியிருந்தது, மற்ற கையால் மட்டும் ஏதோ சொன்னாள். ரெஜினா இரண்டு கையாலும் பதில் சொன்னாள். பிறகு மருமகன் போனைத் திருப்பினான். துண்டில் சுற்றிய பெண் குழந்தை. முகம் சிவந்து, வாயை முழுசாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அறையில் நாலு பேரும் சத்தமில்லாமல் அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொறியாளருக்குத்தான் முதலில் உறைத்தது. அந்த வீட்டுப் போனில் ஒலியை யாரும் எந்த நாளும் கூட்டி வைத்ததே இல்லை. எழுந்து போய்ப் பக்கவாட்டுப் பொத்தானை முழுக்க அழுத்தினார். குழந்தையின் வீறிடல் முன்னறையை நிறைத்தது. எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

ரெஜினா எங்கள் முகத்தைப் பார்த்தாள். குழந்தையின் வாயைப் பார்த்தாள். போனைத் தாங்கியிலிருந்து எடுத்து, அதிர்கிற அதன் முதுகில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டாள். அருளின் கையையும் இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தை அழுது ஓயும்வரை இருவரும் கையை எடுக்கவே இல்லை.